கோடைப் பள்ளியில் வகுப்புத் துணைவர்

ஐக்கிய அமெரிக்காவிற் பாடசாலைகள் யூன் மாதமளவில் மூடப்பெற்று, ஓகஸ்ட் இறுதியிலோ செப்டெம்பர் தொடக்கத்திலோ மீண்டுந் திறக்கப்பெறுகின்றன. இவ்விடைக்காலம் ஏறக்குறையப் பத்து வாரமாகும். அந்நாட்டிலே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு அது விளையாட்டுக் காலம். சென்ற ஆண்டில் வேறொரு நாட்டிலிருந்து வந்து சேர்ந்த பிள்ளைக்கோ, அரும்பாடுபட்டுக் கற்ற ஆங்கிலச் சொற்கள் வழக்கின்றி மங்கிப்போகுங் காலம். ஆதலின் பல நகரங்களிற் பாடசாலைச் சபைகளும், அகதிகளுக்கு உதவுஞ் சங்கங்களும் சில வாரங்களுக்குக் கோடைப் பள்ளி நடாத்துகின்றன. அப்பள்ளிகளில் ஆசிரியருக்குத் துணையாக, பயிற்சி பெறும் பொருட்டுப் பல்கலைக்கழக மாணவர் பலர் அமர்கின்றனர். ஆசிரியருமல்லர், மாணாக்கருமல்லர் என்னும் நிலையில் உள்ள இத்துணைவர் செய்யத்தக்கது யாது, செய்யத்தகாதது யாது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

இப்பள்ளிகளை வெறுந் தருமச் செயலாகக் கொள்ளுதல் பொருந்தாது. சன்பிரான்சிஸ்கோ நகரிலே சீன வமிசத்தைச் சேர்ந்த ஏறத்தாழ 1,800 மாணாக்கர் ஆங்கிலம் விளங்காதவராய், வேறு உதவியின்றி ஆங்கில வகுப்புக்களில் இருத்தப்பட்டிருந்தனர். அவர்பொருட்டு எழுந்த வழக்கிலே, ஏனையோர்க்கு அளித்த நூலையும் ஆசிரியரையும் இவர்க்கும் அளித்தமை மாத்திரஞ் சமமாக நடாத்தியதாகாது என 1974 இல் அந்நாட்டு உயர் நீதிமன்றந் தீர்த்தது. பின்னர் 1982 இல், ரெக்சாஸ் மாநிலத்திலிருந்து வந்த மற்றொரு வழக்கில், குடியிருக்கும் உரிமைப் பத்திரம் இல்லாத பிள்ளைகளுக்கும் அரசினர் பாடசாலையின் இலவசக் கல்வியை மறுத்தலாகாது என்று அதே மன்றங் கூறிற்று. இத்தீர்ப்புக்கள் பிள்ளையை வகுப்பறை வரைக்குங் கொண்டுவந்தன. அதன் பின்னர் நிகழ்வது பெரிதும் அருகில் அமர்ந்திருப்பவரைப் பொறுத்தது.

துணைவரின் நாள் சிறு வேலைகளோடு தொடங்கும். வரவுப் பதிவு, உணவுக்கு வரிசையில் அழைத்துச் செல்லல், பென்சில் தீட்டிக் கொடுத்தல் என இவை பல. இவற்றை இழிவென்று எண்ணும் இளைஞர் இல்லாமலில்லை. ஆயின் உணவு வரிசையிலே பிள்ளை தானாகக் கேட்கும் ஒரு கேள்வி, பாட நேரத்திற் பெறும் பத்து விடைகளினும் அதன் மொழிநிலையைத் தெளிவாகக் காட்டும். பின்னர் மூன்று அல்லது நான்கு பிள்ளைகளுடன் ஒரு மேசையில் அமர்ந்து, ஆசிரியர் கற்பித்ததை மீளச் செய்விப்பதே பெரும்பணி.

இங்கேதான் இடர் தோன்றுகின்றது. பிள்ளை ஒரு சொல்லைத் தேடித் தடுமாறும்போது அதனை எடுத்துக் கொடுத்தல் அன்பின் செயலாகத் தோன்றும். கொடுக்கக் கொடுக்கப் பிள்ளை தேடுவதை விட்டுவிடும். அமெரிக்க அறிஞராகிய மேரி பட் றோ என்பார் விஞ்ஞான வகுப்புக்களை ஆராய்ந்து, ஆசிரியர் ஒரு வினாவைக் கேட்டபின் சராசரியாக ஒரு விநாடியளவே காத்திருக்கின்றனர் என 1970 களில் வெளியிட்டார். மூன்று விநாடியேனும் காத்திருந்த வகுப்புக்களில் விடைகள் நீண்டன. விடையே கூறாதிருத்தல் குறைந்தது. தாய்மொழியிலேயே விடை கூறும் பிள்ளைக்கு மூன்று விநாடி வேண்டுமாயின், வினாவை ஒரு மொழியிற் கேட்டு மற்றொன்றிற் சிந்தித்து மீண்டும் முதன்மொழிக்குத் திரும்பும் பிள்ளைக்கு எத்துணை வேண்டும்! கடிகாரத்தைப் பார்த்துப் பாடம் நடாத்தும் ஆசிரியருக்கு இவ்வாறு காத்திருத்தல் அரிது. துணைவருக்கு அது கூடும். அவர் அங்கிருப்பதன் தலையாய பயனும் அதுவே. புதிதாக வந்த பிள்ளைகளிற் சிலர் வாரக்கணக்காகவும் மாதக்கணக்காகவும் வாய் திறவாதிருத்தலும் உண்டு. அக்காலத்திலும் அவர்கள் கேட்டுக் கற்றுக்கொண்டே இருப்பர். அம்மௌனத்தை மந்தபுத்தி எனக் கொள்வது பெருந்தவறு.

‘விளங்கிற்றா?’ என்னும் வினாவினால் அதிகம் பயனில்லை. ஆம் எனத் தலையசைத்தல் எம்மொழியார்க்கும் எளிது. செய்து காட்டும்படி கேட்டலே நன்று. பெரியோர்முன் கண்தாழ்த்தி நிற்றல் நம்மவர்க்குப் போலவே வேறு பல நாட்டார்க்கும் மரியாதை. அமெரிக்க வகுப்பிலோ அது கவனமின்மையாகக் கருதப்படலாம். கணிதமும் உலகெங்கும் ஒரே வகையாக எழுதப்படுவதன்று. தசமப் புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி இடும் நாடுகள் பல. கொலம்பியாவிலிருந்து வந்த சிறுவன் மூன்றரையை 3,5 என எழுதினால், அவன் கணக்குத் தெரியாதவனல்லன். ஏழின் தண்டிற் குறுக்குக்கோடு இடுவதும் அத்தகையதே. இவற்றைப் பிழையென்று சிவப்பு மையாற் கீறுமுன், அவனுடைய பழைய பாடசாலையில் எவ்வாறு எழுதினர் எனக் கேட்டறிதல் துணைவரின் கடன்.

பிள்ளையின் மொழியை அறிந்த துணைவர் கிடைப்பின் அது பெரும்பேறு; எனினும் அதனை அளவறிந்து பயன்படுத்தல் வேண்டும். ஒவ்வொரு வாக்கியத்தையும் உடனுக்குடன் மொழிபெயர்த்தால், பிள்ளை ஆங்கிலத்துக்குச் செவிகொடாது மொழிபெயர்ப்பையே எதிர்பார்த்திருக்கும். கருத்தொன்று முற்றும் விளங்காத இடத்தில் அதனைத் தாய்மொழியில் விரித்துரைத்துவிட்டு ஆங்கிலத்துக்கு மீளுதல் தகும். மொழியறிந்த துணைவர் இல்லையென்று மற்றொரு பிள்ளையை நாள்தோறும் மொழிபெயர்ப்பாளனாக்கல் முறையன்று. வீட்டிலும் வைத்தியசாலையிலும் பெற்றோருக்காக அவ்வேலையைச் செய்பவன் பெரும்பாலும் அப்பிள்ளையே.

இனி, சில வாரங்களில் யாது கைகூடும்? கனடாவிலே குடியேறிய மாணாக்கரை ஆராய்ந்த ஜிம் கமின்ஸ் என்னும் அறிஞர், அன்றாட உரையாடலுக்கான ஆங்கிலம் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளில் வருமென்றும், பாடநூலுக்குரிய ஆங்கிலத்தில் உடன்மாணாக்கரை எட்டுவதற்கு ஐந்து ஆண்டும் அதற்கு மேலுஞ் செல்லுமென்றும் 1981 இற் காட்டினார். அங்ஙனமாயின், கோடையின் முதல் வாரத்தில் ஒரு சோதனையும் கடை வாரத்தில் ஒரு சோதனையும் வைத்துப் பெருவளர்ச்சியை எதிர்பார்த்தல் வீணே. முன்பு வாய்திறவாத சிறுமி உடன்மாணவியிடம் அழிப்பான் கேட்டுப் பெற்றாளாயின், எந்தச் சோதனைத் தாளிலும் அது பதிவாகாது. துணைவரின் குறிப்புப் புத்தகத்தில் மாத்திரமே பதிவாகும்.

அக்குறிப்புக்களோ பெரும்பாலும் துணைவரோடு பல்கலைக்கழகத்துக்கே திரும்பி, பயிற்சி அறிக்கையாகி, புள்ளி பெற்றபின் அடங்கிவிடுகின்றன. செப்டெம்பரில் அப்பிள்ளையை ஏற்கும் ஆசிரியருக்கு எட்டுவதில்லை. எச்சொற்களை அறிவாள், யாரருகில் அமர்ந்தாற் பேசுவாள், எவ்வளவு நேரங் காத்திருந்தால் விடை வரும் என்னும் மூன்றையும் ஒரு தாளில் எழுதி, பெற்றோரின் இசைவோடு புதிய பாடசாலைக்கு அனுப்புவதற்கு அரைமணி நேரமே போதும்.