வெள்ளக் கணக்கும் உயிர்க் கணக்கும்

கொழும்பின் சென் செபஸ்தியன் கால்வாயும் தெற்கே கடலில் விழும் வெள்ளவத்தைக் கால்வாயும் ஒரே நீர்வலையின் இரு முனைகள். இடையில் கிடப்பவை கொலன்னாவை, கோட்டே சதுப்புகள். 2010 நவம்பர் மழையில் பாராளுமன்ற வளாகமே மூழ்கிய பிறகு, வெள்ளத்தைத் தாங்கும் இவற்றின் அருமை அதிகாரிகளுக்கு உறைத்தது. 2018இல் ராம்சார் சாசனம் கொழும்பை ஈரநில நகரமாக அங்கீகரித்தது. ஆனாலும் ஒரு சதுப்பு எவ்வளவு மழைநீரைத் தாங்கும் என்று அளப்பது எளிது. அதில் என்னென்ன வாழ்கின்றன என்று அறிவது கடினம். அளக்க முடிந்ததை மட்டும் பார்த்து மண் அகழும் இயந்திரத்தை இறக்கினால் மிஞ்சுவது வெறும் நீர்த்தொட்டிதான்.

இந்தக் குறையைச் சூழல் டி.என்.ஏ. ஆய்வு பெரிதும் ஈடுசெய்யும். மீனின் சளி, தவளையின் தோல், விலங்கின் எச்சம் எல்லாம் நீரில் மரபணுத் துணுக்குகளை விடுகின்றன. ஒரு லீற்றர் அளவு நீரை நுண்வடிகட்டியில் வடித்து, தேங்கிய துணுக்குகளை ஆய்வுகூடத்தில் பெருக்கி, ஏற்கெனவே பதிவான இனங்களுடன் ஒப்பிடுவார்கள். 2008இல் பிரான்ஸ் ஆய்வாளர்கள் குளத்து நீரிலிருந்தே அமெரிக்க எருதுத் தவளையைக் கண்டறிந்தனர். இங்கிலாந்தில் 2014 முதல், பாதுகாக்கப்பட்ட நியூட் என்ற வாலுள்ள நீர்நில வாழ்வி இனத்துக்கு இந்தச் சோதனை ஏற்கப்படுகிறது. கலங்கிய நீரும் வலையைச் சிக்கவைக்கும் வேர்களுமாக இருக்கும் நம் சதுப்புகளுக்கு இது பொருத்தமான வழி. அலங்கார மீன் வியாபாரத்தின் வழியே வந்து பரவிய 'நைஃப் பிஷ்' எதுவரை போயிருக்கிறது என்றும் பார்க்கலாம்.

கொழும்புக் கால்வாயில் இதை நம்பலாமா என்ற ஐயம் நியாயமானதே. சமையலறையில் சூரை கழுவிய நீர் வந்து சேர்ந்தால் முடிவுப் பட்டியலில் சூரையும் இருக்கும்! மேலிருந்து ஓடிவந்த துணுக்கை அங்கேயே வாழும் உயிர் என்றும் எண்ணிவிடலாம். ஆகவே ஓடும் கால்வாயை விட்டு, சதுப்பின் உட்பகுதியில் பல இடங்களில், பலமுறை மாதிரி எடுக்க வேண்டும். கலப்படம் தெரிய, சுத்தமான நீர்ப் போத்தல் ஒன்றும் அதே பாதையில் போய்வர வேண்டும். வெப்பத்தில் துணுக்குகள் விரைவில் சிதைவது இங்கே ஓரளவு அனுகூலம்: பழைய தடயம் நெடுநாள் தங்காது. மீன்பிடிப் பூனை வந்துபோகிறதா என்று நீர் சொல்லக்கூடும். எத்தனை பூனை, குட்டி உண்டா என்பதற்குக் கமெராதான் வேண்டும். உள்ளூர் இனங்களின் மரபணுப் பதிவு முழுமையாகும்வரை, பட்டியலில் பெயர் இல்லாததை 'அந்த உயிர் அங்கே இல்லை' என்று படிக்கவும் கூடாது.

செலவு அதிகம் என்பார்கள். தோண்டிய பின் மீட்கும் செலவோடு அதை ஒப்பிட வேண்டும். தூர்வாருவதற்கு முன் வறட்சியில் ஒரு முறை, மழையில் ஒரு முறை மாதிரி எடுக்கலாம். தூர்வாரிய பிறகு அதே இடங்களில் மறுபடியும் மாதிரி எடுப்பதை ஒப்பந்த நிபந்தனையாகவே எழுதிவிடலாம்.