தசைச் சுருக்கத்தில் கால்சியத்தின் பங்கு

முதுகெலும்பு விலங்குகளின் தசைக் கலத்துக்குள், சுருங்குமாறு பணிக்கும் இறுதிச் சைகையாக விளங்குவது கால்சியம் அயனி ஆகும். சுருங்குவதற்கான ஆற்றலைக் கால்சியம் தருவதாகப் பலர் கருதுவதுண்டு, அது சரியன்று. ஆற்றல் ஏடிபி மூலக்கூறிலிருந்தே கிடைக்கிறது.

கண்டறிதல்

இங்கிலாந்து மருத்துவர் சிட்னி ரிங்கர், தனித்தெடுத்த தவளை இதயம் சாதாரண உப்புக் கரைசலிலேயே நெடுநேரம் துடிப்பதைக் கண்டார். ஆனால் அக்கரைசல் காய்ச்சி வடித்த நீரில் அல்லாமல், இலண்டன் குழாய் நீரில் தயாரிக்கப்பட்டிருந்தது பின்னர் தெரியவந்தது. வடித்த நீரில் செய்த கரைசலில் இதயம் விரைவில் நின்றுவிட்டது. சிறிதளவு கால்சியம் உப்பைச் சேர்த்ததும் மீண்டும் சுருங்கியது. இம்முடிவு 1883இல் வெளியானது. மருத்துவமனைகளில் பயன்படும் ரிங்கர் லாக்டேட் கரைசல் இவர் பெயரைத் தாங்கியதே. கால்சியத்தை ஏற்கும் ட்ரோப்போனின் என்னும் புரதத்தை 1960களில் யப்பானிய அறிஞர் செட்சுரோ எபாசி குழுவினர் கண்டறிந்தனர்.

செயல்முறை

ஓய்விலுள்ள தசைக் கலத்தினுள் கட்டற்ற கால்சியத்தின் செறிவு, வெளியே உள்ளதில் ஏறத்தாழ 10,000இல் ஒரு பங்கே. கலத்தினுள் இருக்கும் சார்கோபிளாச வலை என்னும் பை போன்ற அமைப்பில் கால்சியம் சேமிக்கப்பட்டிருக்கும். நரம்புத் தூண்டலால் தசைப் படலத்தில் மின்மாற்றம் பரவும்போது இவ்வலையின் வாயில்கள் திறந்து கால்சியம் வெளியேறுகிறது. அது ட்ரோப்போனினுடன் இணைந்ததும், ஆக்டின் இழை மீது மயோசின் பற்றும் இடங்களை மறைத்திருந்த ட்ரோப்போமயோசின் விலகுகிறது. மயோசின் தலைகள் ஆக்டினைப் பற்றி இழுக்க, தசை சுருங்குகிறது.

தசை தளர்வதற்குக் கால்சியம் மீண்டும் வலைக்குள் ஏற்றப்பட வேண்டும். இதற்கும் ஏடிபி செலவாகிறது; ஆகவே தளர்தலும் ஆற்றல் வேண்டும் செயலே. இறப்பின் பின் ஏடிபி தீர்ந்துவிடுவதால் மயோசின் தலைகள் ஆக்டினை விட்டுப் பிரிய இயலாது உடல் விறைக்கிறது.

இதயத் தசையில் வெளியிலிருந்து நுழையும் சிறிதளவு கால்சியமே வலையிலுள்ளதை வெளிவரச் செய்கிறது. ரிங்கரின் தவளை இதயம் நின்றதும் வெளிக் கால்சியம் இல்லாமையாலேயே. எலும்புத் தசைக்கு அத்தேவை இல்லை. மழமழப்பான தசையில் ட்ரோப்போனினுக்குப் பதிலாகக் கால்மோடுலின் கால்சியத்தை ஏற்கிறது.

கால்சியக் குறைவு

இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் தசை வலுவிழக்கும் என எதிர்பார்க்கலாம். மாறாக, கை கால்களில் இசிவு உண்டாகிறது. வெளிக் கால்சியம் குறையும்போது நரம்புகள் எளிதில் தூண்டப்படுவதே காரணம். சுருங்கத் தேவையான கால்சியமோ கலத்தினுள் சேமிப்பில் இருக்கிறது. குரல்வளைத் தசைகளில் இசிவு ஏற்பட்டால் மூச்சு அடைபடக்கூடும் என்பதால், கடுமையான நிலையில் கால்சியம் குளுக்கோனேட் சிரை வழியாக மெதுவாகச் செலுத்தப்படுகிறது.