பிராக் நகரில் இரண்டு நாள்

செக் நாட்டின் தலைநகராகிய பிராகில் இரண்டே நாள் தங்குவோர் முக்கியமான இடங்களை நடந்தே கண்டுவிடலாம். வல்டாவா ஆற்றின் குறுக்கே நான்காம் சார்லஸ் மன்னர் 1357-இல் கட்டத் தொடங்கிய கற்பாலத்திற்கு விடியற்காலையில் சென்றுவிட வேண்டும். பொழுது ஏறினால் திருவிழாக் கூட்டந்தான்! அக்கரையில் மேடேறினால் கோட்டை. அதனுள் நிற்கும் புனித விட்டஸ் பேராலயம் 1344-இல் தொடங்கப்பெற்று 1929-இல்தான் நிறைவெய்தியது. பழைய நகர்ச் சதுக்கத்துக் கடிகாரம் 1410-ஆம் ஆண்டினது. ஓர் எலும்புக்கூடு மணியடிக்க, இயேசுவின் சீடர்கள் சன்னல் வழியே வந்துபோவர். ஒருமுறை பார்த்தால் போதும்.

மிச்சப்படும் நேரத்தை அருகிலுள்ள பிங்காஸ் யூதத் தொழுகைக்கூடத்திற்குக் கொடுக்கலாம். சனிக்கிழமை திறப்பதில்லை. பொகீமியா, மொராவியா பகுதிகளில் வாழ்ந்து, நாஜிகளால் மாண்ட ஏறத்தாழ 80,000 யூதர்களின் பெயர்கள் அதன் சுவர்களில் எழுதப்பட்டுள்ளன. வரி வரியாக, கூரைவரை பெயர்கள்! நான்கு சுவரைப் படிப்பதற்குள் கால் ஓய்ந்துவிடும்.

மாடியில் தெரேசின் முகாமில் அடைபட்டிருந்த குழந்தைகளின் ஓவியங்கள் உள்ளன. அங்கே அவர்களுக்கு ஓவியம் கற்பித்தவர் ஃபிரீடல் டிக்கர் பிராண்டைஸ் அம்மையார். அவரும் கைதியே. 1944-இல் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டுக் கொல்லப்பட்டார். ஆனால், சுமார் 4,500 படங்கள் இரண்டு பெட்டிகளில் தப்பிப் பிழைத்தன. படத்தில் தம் பெயரை எழுத வேண்டும் என்று குழந்தைகளிடம் அவர் சொல்லியிருந்தார். அதனால், கீழே சுவரில் படித்த பெயரை மேலே ஒரு படத்தின் மூலையிலும் காண நேரிடலாம்.