முயலுக்கு இட்லி வேண்டாம், புல் போதும்



கத்திரி வெயில் நேரத்தில் ஆரம்பாக்கம் பக்கம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு, கடன் தவணை எல்லாம் எழுதி முடிச்சு நோட்டை மூடப் போகும்போது ஒரு தங்கை மெதுவா கேட்டார்: "அக்கா, வீட்டு முயல் ரெண்டு நாளா ஒண்ணும் தின்னல. மூலையிலேயே குந்திக்கிட்டு இருக்கு. என்ன பண்றது?"

மறுநாள் காலையில் அந்த முயல் செத்துப் போச்சு. மகள் பிறந்த நாளுக்காக வாங்கித் தந்த முயல். பொண்ணு ஒரு வாரம் சரியா சாப்பிடலையாம். என்ன தீனி போட்டீங்க என்று கேட்டோம். காலையில் இட்லி, மத்தியானம் சோறு, சாயங்காலம் பிஸ்கட், நடுவில் கேரட். "நாங்க தின்றதை எல்லாம் கொடுத்தோம்க்கா, ஒரு குறையும் வைக்கல" என்று அழுதார். குறை வைக்காததுதான் வினையாகிப் போச்சு. இதை அவரிடம் அன்றைக்குச் சொல்ல எங்களுக்கு மனசு வரவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறோம்.

முயலின் வயிறு நம் வயிறு மாதிரி இல்லை, ஆடு மாடு மாதிரியும் இல்லை. மாட்டுக்கு முன் வயிற்றில் தீனி ஊறி, அசை போட்டுச் செரிக்கும். முயலுக்கு அந்த வேலை பின்னால் நடக்கிறது. சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடத்தில் பெரிய பை மாதிரி ஒரு குடல் இருக்கிறது. சீக்கம் என்று டாக்டர்கள் சொல்வார்கள். அதற்குள் கோடிக்கணக்கான நல்ல கிருமிகள் குடியிருக்கின்றன. இட்லி மாவைப் புளிக்க வைக்கிற மாதிரி, புல்லைப் புளிக்க வைத்துச் சத்தாக மாற்றுவது அவைதான்.

இந்தக் கிருமிகளுக்கு ஏற்றது நார்ச்சத்து. சோறு, ரொட்டி, இட்லி, பிஸ்கட் என்று மாவுப் பொருள் நிறைய போனால் கெட்ட கிருமிகள் பெருகி, வாயுவும் விஷமும் உண்டாகும். வயிறு உப்பும், இல்லை கழியும். நார் குறைந்தால் குடல் அசைவதும் குறைந்து, உள்ளே போனது நகராமல் நின்றுவிடும். நமக்கு வயிறு சரியில்லை என்றால் வாந்தி எடுத்து ஆறிக்கொள்கிறோம். முயலால் வாந்தி எடுக்கவே முடியாது.

இன்னொரு சங்கதி. முயல் இரண்டு விதமாகப் புழுக்கை போடும். ஒன்று நாம் தினம் கூட்டித் தள்ளுகிற காய்ந்த உருண்டை. இன்னொன்று திராட்சைக் கொத்து மாதிரி மெத்தென்று, பளபளப்பாக இருக்கும். இதை முயல் பின்புறத்திலிருந்தே நேராக வாயில் எடுத்துத் தின்றுவிடும். அசிங்கம் என்று பிள்ளைகள் விரட்டுவார்கள், விரட்ட வேண்டாம். அதில் புரதமும் வைட்டமினும் இருக்கின்றன. மாடு அசை போடுகிற மாதிரி முயலுக்கு இது இரண்டாம் சாப்பாடு. அது தின்னாமல் தரையில் நசுங்கிக் கிடந்தால், தீனியில் மாவோ சத்தோ அதிகமாகிவிட்டது என்று அர்த்தம்.

அப்படியானால் என்ன கொடுப்பது? தின்பதில் பத்துக்கு எட்டுப் பங்கு புல்லாக இருக்கட்டும். அருகம்புல், வயல் வரப்புப் புல், கோ-4 கம்பு நேப்பியர் எதுவும் நல்லது. அறுத்த புல்லைக் காய வைத்துக் கட்டி வைத்தால் மழைக் காலத்துக்கும் ஆகும். வைக்கோல் கொறிக்க ஆகும், ஆனால் சத்து குறைவு, அதை மட்டும் நம்ப வேண்டாம். முயலுக்குப் பல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லை அரைத்து மென்றால்தான் அது தேயும். தேயாத பல் கன்னத்தைக் குத்தும், அப்புறம் தின்ன ஆசை இருந்தாலும் தின்ன முடியாது.

புல்லோடு வேலிமசால், முயல் மசால், அகத்தி, கல்யாண முருங்கை இலைகளில் கொஞ்சம் சேர்க்கலாம். (முயல் மசால் என்று பேரே வைத்துவிட்டார்கள், அதை விட்டு நாம் பிஸ்கட் தேடுகிறோம்!) கேரட், பழம் எல்லாம் இனிப்புப் பண்டம், ஒரு சின்னத் துண்டு போதும். முட்டைக்கோஸ் வாயு உண்டாக்கும். வெங்காயம், பூண்டு, சாக்லேட் கூடவே கூடாது. கடையில் விற்கிற குச்சித் தீவனம் போட்டால் 2 கிலோ முயலுக்கு நாளைக்கு 50 கிராமுக்கு மேல் வேண்டாம். மழையில் நனைந்து, குவியலாகச் சூடேறிப் போன புல்லைப் போட்டு வயிறு உப்பிச் சாகிற முயல்களும் உண்டு. பரப்பி வாட வைத்துப் போடுங்கள். எந்தத் தீனியை மாற்றினாலும் ஒரே நாளில் மாற்றாமல், ஒரு வாரம் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். சந்தையில் வாங்கி வந்த குட்டிக்கு இது ரொம்ப முக்கியம். ஒரு மாதம் இரண்டு மாதக் குட்டிகள்தான் கழிச்சலில் அதிகம் போகின்றன.

நம் பக்கத்தில் வெயிலும் ஒரு எதிரி. கொடைக்கானல் மேலே மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறி ஆடு, கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. வெள்ளை ஜெயன்ட், சோவியத் சின்சில்லா இன முயல்களை அங்கே வளர்க்கிறார்கள். அது குளிர் மலை. புலிகாட் ஏரிக் காற்றில் புழுங்குகிற ஆரம்பாக்கம் அப்படி இல்லை. 30 டிகிரி தாண்டினாலே முயலுக்குக் கஷ்டம், தீனி குறையும், குடல் மந்தமாகும். தகரக் கொட்டகைக்குக் கீழே கூண்டு வைக்காதீர்கள். மர நிழல், மேலே ஓலை, ஓரமாக ஈரச் சாக்கு போதும். 2 கிலோ முயல் நாளைக்கு 100 முதல் 300 மில்லி வரை தண்ணீர் குடிக்கும், வெயிலில் இன்னும் கூடும். கிண்ணம் காலியாகக் கிடக்கவே கூடாது.

தினம் காலையில் புழுக்கையைப் பாருங்கள். சின்னதாகிப் போனாலும், முடி கோத்து மாலை மாதிரி வந்தாலும் முன்னெச்சரிக்கை. அரை நாளாகத் தீனியும் எடுக்கவில்லை, புழுக்கையும் போடவில்லை என்றால் அது அவசரம், நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. உடம்பைக் குறுக்கி உட்கார்வது, பல்லை நறநறவென்று கடிப்பது, வயிறு மத்தளம் மாதிரி இறுகுவது எல்லாம் வலியின் அடையாளம். குட்டிக்கு ரத்தத்தோடு கழிந்தால் ரத்தக் கழிச்சல் நோயாக இருக்கலாம். அதை மற்ற முயல்களிடமிருந்து பிரித்து வைத்து, கூண்டைக் காயவையுங்கள்.

கைவைத்தியத்தில் இறங்கும் முன் ஒரு வார்த்தை. பிள்ளைக்கு வாங்கின அமாக்சிசிலின், ஆம்பிசிலின் சிரப் மீதி இருக்கிறதே என்று முயல் வாயில் ஊற்றாதீர்கள். சீக்கத்தில் இருக்கிற நல்ல கிருமிகளை அது அழித்துவிடும். நோயில் பிழைத்திருக்கும் முயல் மருந்தில் சாகும். உப்பின வயிற்றுக்குள் கஞ்சியைத் திணிப்பதும் ஆபத்து. பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கு ஓடுங்கள். 1962-க்குப் போன் செய்து நடமாடும் கால்நடை ஊர்தி கிடைக்குமா என்றும் கேட்கலாம். பெரிய சிகிச்சை வேண்டுமென்றால் வேப்பேரியில் 1903-ல் தொடங்கின சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. லோக்கல் ரயிலில் சென்ட்ரல் வந்தால் அங்கிருந்து கிட்டத்தான். காற்றுப் போகிற கூடையில், விடியற்காலை வண்டியில் கொண்டு போங்கள். கடைசியாக எப்போது தின்றது, என்ன தின்றது என்று எழுதி, அன்றைய புழுக்கையையும் ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துப் போங்கள். டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.