கதிர் சிகிச்சையில் முகமூடி எதற்கு?



வெற்றிலை பாக்குடன் புகையிலையும் சேர்த்து மெல்லும் பழக்கம் நம் தோட்டத் தாய்மார்களிடம் நெடுநாளாக உண்டு. அதனால் வாயில் புற்றுநோய் வருவதும் நாம் அறிந்ததே. அப்பழக்கத்தை விடுவது குறித்துப் பலரும் பேசிவிட்டார்கள். நான் பேச வந்தது, நோய் கண்டு, அறுவையும் முடிந்து, "இனிக் கதிர் சிகிச்சை" என்று டாக்டர் சொன்ன பிறகு நடப்பதைப் பற்றி.

எங்கள் பள்ளியில் படிக்கும் ஒரு பையனின் பாட்டி, முதல் நாள் மருத்துவமனைக்குப் போய்வந்ததும், "முகத்தை மூடி மேசையோடு பூட்டுகிறார்கள், இனிப் போகமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். மகனும் வற்புறுத்தவில்லை. இரண்டு வாரம் வீணாயிற்று. பாட்டியின் பயத்தில் குற்றமில்லை. பூட்டுவது எதற்கென்று யாரும் அவருக்கு விளங்கச் சொல்லவில்லை.

பால்மரம் சீவுகிறவர்களுக்கு இது எளிதில் புரியும். கத்தி பட்டையில் ஆழம் குறைந்தால் பால் வராது. ஆழம் மிகுந்தால் மரத்தில் காயம் பட்டு, அந்த இடம் முண்டும் முடிச்சுமாகிவிடும். இரண்டுக்கும் நடுவே இருப்பது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். மரம் அசையாமல் நிற்பதால் நம் கை அந்த அளவைக் காக்கிறது. மனிதத் தலை மரமல்லவே! எச்சில் விழுங்கினால் அசையும், இருமினால் அசையும்.

கதிர் கண்ணுக்குத் தெரியாது, பட்டால் வலிக்காது. அது புற்றணுக்களை அழிக்கும்; வழியில் அகப்படும் நல்ல அணுக்களையும் புண்படுத்தும். வாய்க்கு அருகிலேயே எச்சில் சுரப்பிகளும் தாடை எலும்பும் இருக்கின்றன, பின்னால் கழுத்தெலும்புக்குள் தண்டுவடம் ஓடுகிறது. ஆகவே எந்த இடத்தில் எவ்வளவு கதிர் விழ வேண்டும் என்று மில்லிமீட்டர் கணக்கில் திட்டம் போடுகிறார்கள். தலை ஐந்து மில்லிமீட்டர் விலகினாலும் நோயுள்ள இடத்துக்குச் சேர வேண்டியது குறையும், நல்ல இடத்தில் போய் விழும்.

இதற்குத்தான் முகமூடி. துளைகள் நிறைந்த வெள்ளைப் பிளாஸ்டிக் தகட்டைச் சுமார் 65 முதல் 70 டிகிரி வெந்நீரில் போடுவார்கள். அது துணிபோல இளகிவிடும். நீரை வடியவிட்டு, பொறுக்கும் சூட்டில் முகத்தின்மேல் விரித்து, நெற்றி, மூக்கு, மோவாய் ஆகியவற்றில் அழுத்துவார்கள். சில நிமிடங்களில் ஆறி இறுகிவிடும். துளைகள் வழியே தாராளமாக மூச்சு விடலாம். அதை மாட்டியபடியே சி.டி. ஸ்கேன் எடுத்துத் திட்டம் தயாரிப்பார்கள். அடையாளக் கோடுகளைப் பெரும்பாலும் முகத்தில் போடாமல் முகமூடியிலேயே போடுவார்கள். நாள்தோறும் சுவரிலிருந்து வரும் லேசர் ஒளிக்கோட்டை அந்தக் கோட்டோடு பொருத்திப் பார்ப்பார்கள்.

பிறகு ஊழியர்கள் வெளியே போய்விடுவார்கள். இதுதான் பலரையும் கலங்க வைக்கிற நேரம். ஆனால் அவர்கள் கேமராவில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். கையை உயர்த்தினால் இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஓடி வருவார்கள். அறையில் இருப்பது கால் மணி நேரம் போல. கதிர் பாய்வதோ சில நிமிடங்களே. பாட்டிக்கு இதையெல்லாம் பக்கத்து வீட்டு அம்மா பொறுமையாகச் சொல்லி அழைத்துப் போனார். மேசையில் படுத்ததும் தம் பேரப்பிள்ளைகளின் பெயர்களை மனத்துக்குள் ஒவ்வொன்றாகச் சொல்வாராம். பதினேழு பேர். பெரும்பாலும் இரண்டாம் சுற்று முடிவதற்குள் முடிந்துவிடுமாம்!

அறுவைக்குப் பிறகு பொதுவாக 30 தடவை, திங்கள் முதல் வெள்ளி வரை, ஆறு வாரம் நடக்கும். இடையில் நிறுத்தினால் எஞ்சிய புற்றணுக்கள் பெருக இடம் கிடைக்கிறது. கோலாலம்பூர் மருத்துவமனை, புத்ராஜெயாவின் தேசியப் புற்றுநோய்க் கழகம், ஜொகூர் பாருவின் சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனை என்று இச்சிகிச்சை தரும் இடங்கள் பல தோட்டங்களுக்குத் தூரமானவை. போக்குவரத்துக்கும் தங்குவதற்கும் வழியில்லையென்றால் வீட்டில் இருந்துவிடாதீர்கள். அங்குள்ள மருத்துவ சமூகநல அதிகாரியைக் கேளுங்கள்.

வீட்டார் கவனிக்க வேண்டியவையும் உண்டு. முகமூடிக்கு அச்செடுக்கும் நாளில் கொண்டையை அவிழ்த்துவிடுங்கள். பின்தலையில் கொண்டை இருந்தால் தலை உயரும். மறுநாள் கொண்டை சற்று மாறினால் தலையும் மாறும். பாட்டிமாரின் பழைய மூக்குத்தி எளிதில் கழலாது. முதல் நாளே வீட்டில் கழற்றிவிடுங்கள். பொய்ப்பல் இருந்தால் சொல்லிவிட வேண்டும். எல்லாவற்றிலும் பெரியது சாப்பாடு. மூன்றாவது வாரத்துக்கு மேல் வாய் புண்ணாகி, சோறு இறங்காது. உடம்பு இளைத்தால் முகமும் ஒடுங்கி, இறுக்கமாயிருந்த முகமூடி தொளதொளவென்று ஆகிவிடும், உள்ளே தலை அசையும். பிறகு புது முகமூடி, புது ஸ்கேன். ஆகவே காரமில்லாத கஞ்சி, மசித்த முட்டை, பால் என்று சிறுகச் சிறுகக் கொடுங்கள். முகமூடி தளர்ந்ததாகத் தோன்றினால் ஊழியரிடம் உடனே சொல்லச் சொல்லுங்கள்.

மார்பகத்துக்குச் சிகிச்சை பெறுவோருக்கு முகமூடி இல்லை. கைகளைத் தலைக்குமேல் தாங்கியில் வைத்துப் படுப்பார்கள். தோலில் இட்ட மைக்குறியைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிடக் கூடாது. இடப்பக்கமானால், சிலரை மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்வார்கள். அப்போது இருதயம் கதிரைவிட்டுச் சற்று விலகும். அசையாதிருக்கத் தெரியாத சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு மயக்க மருந்து கொடுப்பதுண்டு.

இன்னொன்றையும் பலர் கேட்கிறார்கள். இவ்வகை இயந்திரத்தின் கதிர் உடம்பில் தங்குவதில்லை. பாட்டி வீடு திரும்பியதும் பேரப்பிள்ளைகள் தாராளமாக மடியில் ஏறி உட்காரலாம்.