வேலை போனாலும் கணக்கில் வராது! வீட்டு வேலைப் பெண்களின் பரிதாப நிலை

தம்மம்பட்டி,

"நாளையிலிருந்து வர வேண்டாம்மா!"

இந்த ஒரே வரியில் ஒரு பெண்ணின் பிழைப்பு முடிந்து போகிறது. நோட்டீசு கிடையாது. கணக்குத் தீர்த்த சீட்டு கிடையாது. மில்லில் கதவடைப்பு என்றால் கொடி பிடிப்பார்கள், கோஷம் போடுவார்கள், பேச்சுவார்த்தை நடக்கும், பேப்பரில் படம் வரும். பாத்திரம் விளக்கும் அம்மாவுக்கு வேலை போனால்? பக்கத்து வீட்டுக்குக் கூடத் தெரியாது!

அரை வேலை, கால் வேலை

மரச்சிற்பத்துக்குப் பேர் போன தம்மம்பட்டி மாதிரி பேரூராட்சிகளில், ஒரே வீட்டில் முழு நேர வேலை கிடைப்பது குதிரைக் கொம்பு. விடியற்காலையில் ஒரு வீட்டில் வாசல் கூட்டி, இன்னொரு வீட்டில் சாமான் விளக்கி, மூன்றாவது வீட்டில் துணி துவைத்தால்தான் ஒரு சம்பளம் தேறும்.

அதனால் வேலை போவதும் தவணை முறையில்தான்! குடியிருந்த வாத்தியாருக்கு மாறுதல் வந்தால் ஒரு வீடு போச்சு. துணி துவைக்கும் மெஷின் வாங்கினால் இன்னொரு வீட்டில் பாதிச் சம்பளம் போச்சு. மே மாதம் வீட்டுக்காரர்கள் ஊருக்குக் கிளம்பினால், பல வீடுகளில் அந்த மாதச் சம்பளமும் கிடையாது. பத்து நாள் காய்ச்சலில் படுத்தாலோ, எழுந்து வரும்போது அந்த இடத்தில் வேறு ஆள்!

மூன்று வீட்டில் இரண்டு வீடு போனாலும், "வேலை இருக்கிறதா?" என்று கேட்டால் "இருக்குங்க" என்றுதான் அந்த அம்மா சொல்வார். அரைப் பட்டினிக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

வேறு வேலைக்குப் போகலாமே என்பீர்கள். 100 நாள் வேலை என்று ஊரில் சொல்கிறோமே, 2005-ம் வருடத்து அந்தச் சட்டம் கிராம ஊராட்சிகளுக்கு மட்டும் எழுதப்பட்டது. அதற்குப் பதிலாக 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டமும் கிராமப்புறத்துக்குத்தான். பேரூராட்சி எல்லைக்குள் குடியிருப்பவர்களுக்கு இரண்டுமே எட்டாக்கனி.

39 லட்சமா? இரண்டரைக் கோடியா?

நாட்டில் எத்தனை பேர் இந்த வேலையை நம்பி இருக்கிறார்கள்? இதில்தான் பெரிய குழப்பம்!

2011-12-ல் மத்திய அரசு எடுத்த மாதிரிக் கணக்கெடுப்பில், வீடுகளில் வேலை பார்ப்பவர்கள் 39 லட்சம் பேர். அதில் 26 லட்சம் பேர் பெண்கள். அமைப்புசாராத் தொழிலாளர்களுக்காக 2021 ஆகஸ்டில் தொடங்கிய இ-ஷ்ரம் பதிவிலோ இந்தப் பிரிவில் இரண்டரைக் கோடிக்கு மேல்! பத்து வருடத்தில் ஆறு மடங்கா பெருகிவிட்டார்கள்?

விஷயம் வேறு. நம் ஊரிலேயே பாருங்கள். கணக்கெடுக்க வருகிறவர் "என்ன வேலை செய்றீங்க?" என்று கேட்கிறார். "வீட்டு வேலைங்க" என்று பதில் வருகிறது. சொந்த வீட்டு வேலையா, சம்பளத்துக்குச் செய்யும் வேலையா? இரண்டுக்கும் ஒரே சொல்தானே! அவர் "இல்லத்தரசி" என்று எழுதிக்கொண்டு போனால், அந்தப் பெண்ணுக்கு வேலை இருந்ததும் கணக்கில் இல்லை, போனதும் கணக்கில் இல்லை. பதியும்போது இதே சொல் மாறி விழுந்தால், எண்ணிக்கை ஏறிவிடவும் கூடும்.

டெல்லியில் நடந்த கொடுமை

இந்த வேலை காலடி தூரத்தை நம்பிய வேலை. நடந்து போகிற தொலைவில் வீடுகள் இருக்க வேண்டும். அந்தத் தூரம் கூடினால் என்ன ஆகும் என்பதை டெல்லியில் வாழும் நம் தமிழ்ப் பெண்கள் அனுபவித்துவிட்டார்கள்.

டெல்லி ஜங்புராவில் பாராபுல்லா வாய்க்கால் ஓரமாக "மதராசி கேம்ப்" என்ற தமிழர் குடிசைப் பகுதி பல பத்தாண்டுகளாக இருந்தது. அங்கிருந்த பெண்களில் பலருக்குச் சுற்றுப்பட்டுக் காலனி வீடுகளில்தான் வேலை. ஐகோர்ட்டு உத்தரவுப்படி 2025 ஜூன் 1-ந் தேதி புல்டோசர் வந்தது. சுமார் 370 வீடுகள் தரைமட்டம்! 215 குடும்பங்களுக்கு மாற்று வீடு என்றார்கள். எங்கே? சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி, நரேலாவில்!

காலை 6 மணிக்கு வாசல் கூட்ட வேண்டியவர் 40 கிலோமீட்டர் எப்படி வருவார்? வீட்டுக்கு மாற்று வீடு கொடுத்தார்கள். வேலைக்கு மாற்று வேலை யார் கொடுப்பது?

சட்டம் என்ன சொல்கிறது?

2020-ல் நிறைவேறி 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பில், "தொழில்" என்ற சொல்லின் விளக்கத்திலேயே வீட்டு வேலை விலக்கப்பட்டிருக்கிறது. அதாவது, ஆட்குறைப்பு நஷ்டஈடு என்ற பேச்சுக்கே இடமில்லை. தனிச் சட்டம் பற்றி ஆராயக் குழு அமைக்கும்படி 2025 ஜனவரியில் மத்திய அரசுக்கு சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது.

தமிழ்நாட்டில் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. 2007-ல் வீட்டுப் பணியாளர் நலவாரியம் வந்தது. 2018-ல் குறைந்தபட்சக் கூலியாக மணிக்கு 37 ரூபாய் நிர்ணயம் ஆனது.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒரு வீட்டில் தினம் ஒன்றரை மணி நேர வேலை. 30 நாளும் வந்தால் 45 மணி நேரம். 2018-ம் வருடத்துக் கூலிப்படியே 1,665 ரூபாய் ஆகிறது. வாசகர்களே, உங்கள் வீட்டுக் கணக்கு எவ்வளவு?

அட்டை இருந்தால்...

நலவாரியத்தில் 18 முதல் 60 வயது வரை உள்ளவர்கள் பதியலாம். பிள்ளைகளின் படிப்பு, கல்யாணம், பிரசவம், விபத்து, மரணம் ஆகியவற்றுக்கு உதவித்தொகை உண்டு. 60 வயது முடிந்தால் மாத ஓய்வூதியம் உண்டு. ஆனால், வேலை இல்லாத மாதத்துக்கு உதவி என்று தனியாக ஒன்றும் இல்லை.

அப்படியென்றால் அட்டை எதற்கு? 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்தபோது "யாரும் வர வேண்டாம்" என்று வீடுகள் கதவை அடைத்துக்கொண்டன. அப்போது நலவாரியங்களில் பதிந்த தொழிலாளர்களுக்கு மாநில அரசு 1,000 ரூபாய் அறிவித்தது. பேர் பதியாதவர்கள்? பட்டியலிலேயே இல்லை! உதவி சின்னதோ பெரிதோ, பட்டியல் பார்த்துத்தான் வருகிறது.

கடைக்காரர்களும், ஆபீசு உத்தியோகஸ்தர்களும் மனசு வைத்தால் ஒன்று செய்யலாம். "இவர் என் வீட்டில் இத்தனை வருடமாக வேலை பார்க்கிறார்" என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். வாரியத்தில் பதிவதற்குத் துணை நில்லுங்கள். நிறுத்துவதாக இருந்தால் ஒரு மாதம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். நோம்பிக்குச் சேலை எடுத்துக் கொடுக்கும் நல்ல மனசுக்கு இது பெரிய காரியமா?

கணக்குப் பிள்ளை இல்லாத தொழில் இது. அந்த ஒரு தாள்தான் அவர்களுக்கு வருகைப் பதிவேடு!