உத்தரமேரூர் ஏரியும் ஊரவையும்

காஞ்சிபுரம் மாவட்டத்தில், பாலாற்றுக்குத் தெற்கே உள்ளது உத்தரமேரூர். நெல்லும் கரும்பும் வேர்க்கடலையும் விளையும் வேளாண்மைப் பேரூர் அது. பாலாறும் செய்யாறும் அருகே ஓடினும், ஆண்டின் பெரும்பகுதி அவற்றில் மணலே காணப்படும். மழை பெய்யும் சில மாதங்களில் நீரைத் தேக்கிவைத்தால்தான் வயல் விளையும். ஆதலின் இந்நிலப்பகுதி முழுவதும் முன்னோர் ஏரிகளை வெட்டினர்.

உத்தரமேரூரின் பேரேரி பல்லவர் காலத்தது. தந்திவர்மனின் பட்டப்பெயரால் அது வைரமேகத் தடாகம் என வழங்கப்பெற்றது. ஏரியை வெட்டுவது ஒருமுறை செய்யும் வேலை. அதனைக் காப்பதோ ஆண்டுதோறும் செய்யவேண்டிய வேலை. வந்து சேரும் வெள்ளம் வண்டலையும் கொண்டுவருகிறது. வண்டல் படியப் படிய ஏரியின் கொள்ளளவு குறையும். கரையில் சிறு பிளவு தோன்றினும் ஓரிரவில் பயிர் அனைத்தும் பாழாகும். தூர் வாரும் பொறுப்பையும் அதற்குரிய பொருளையும் யாரிடம் ஒப்படைப்பது? உண்ட சோறு இதனைப் பொறுத்திருந்தது.

இவ்வினாவுக்கு ஊரார் கண்ட விடை, வைகுந்தப்பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் கல்வெட்டாக உள்ளது. முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-இல் ஊரவை ஒரு முறையை வகுத்தது. 921-இல் அதனைத் திருத்தியது. முன்பு 30 முதல் 60 வரை இருந்த வயது வரம்பு, 35 முதல் 70 வரை என மாறியது. கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும், வேதக்கல்வியும் உடையவரே தகுதியுடையவர். முன்பு பொறுப்பேற்றுக் கணக்குக் காட்டாதவர் நீக்கப்பட்டார். அவர் மட்டுமல்லர், அவருடைய நெருங்கிய உறவினரும் நீக்கப்பட்டனர். கடுமையான விதிதான், எனினும் பொதுப்பணம் கையாண்டவர்க்கு அது வேண்டியதே.

ஊரில் குடும்பு எனப்பட்ட பிரிவுகள் 30 இருந்தன. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலை நறுக்குகளில் எழுதிக் கட்டிக் குடத்தில் இடுவர். இளையரும் முதியரும் கூடிய அவையில், முதிய நம்பி ஒருவர் குடத்தை யாவரும் காணத் தூக்கிப் பிடிப்பார். உள்ளிருப்பதை அறியாத சிறுவன் ஒருவன் ஓலை ஒன்றை எடுப்பான். அதனை நடுவர் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்கிப் படிப்பார். விரல் விரித்திருந்தால் மாற்று ஓலையை மறைத்தல் இயலாதன்றோ! இவ்வாறு தேர்ந்த 30 பேரில், 12 பேர் சம்வத்சர வாரியத்துக்கும், 12 பேர் தோட்ட வாரியத்துக்கும், 6 பேர் ஏரி வாரியத்துக்கும் உரியவராவர். அவர்தம் பதவிக்காலம் 360 நாள். ஏரியின் காவல் அந்த அறுவர் பொறுப்பு.

இக்குடவோலையைக் குடியாட்சி எனப் புகழ்வோர் உளர். ஆயின் அது அனைவருக்கும் உரியதாக இருக்கவில்லை. உத்தரமேரூர் அந்நாளில் அந்தணர்க்கு அளிக்கப்பட்ட சதுர்வேதிமங்கலம். ஏரிநீரால் உழுது பயிரிட்ட உழவர் பெயரும், பெண்டிர் பெயரும் அக்குடத்தில் இடப்படவில்லை.

அவ்வேரி இன்றும் உள்ளது. செய்யாற்றிலிருந்து வரும் கால்வாய் அதற்கு நீர் தருகிறது. ஐப்பசி மழை தவறாது பெய்தால் நீர் பெருகிக் கலிங்கு வழியும். மதகு திறந்ததும் கீழுள்ள வயல்களில் நாற்று நடவு தொடங்கும்.